ஒன்று ஐயாவுக்கு, ஒன்று அந்தோனியாருக்கு

அப்போதிக்கரி ஐயாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கோப்பைத் தண்ணீர். நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் கோப்பை. ஒரு பக்கம் உடைந்து கறுத்திருக்கும். எங்கள் ஊர் அரசாங்க மருந்துச்சாலையில் வைத்தியம் பார்த்த அவருடைய மேசைக்குப் பக்கத்திலிருந்த பானையின் மேல் அதைக் கவிழ்த்து வைத்திருப்பார். பள்ளிக்கூடம் போகும்போதோ வரும்போதோ நான் அவர் கண்ணில் பட்டுவிட்டால் போதும், "பிள்ளை, இஞ்சை ஒருக்கா வந்திட்டுப் போ" என்று கூப்பிடுவார். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கமாட்டார், நாக்கை நீட்டச் சொல்லமாட்டார். கோப்பையில் தண்ணீரை வார்த்துக் கையில் தருவார். நான் குடித்து முடிக்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி மிடறு இறங்கிய பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். "சரி, ஓடு" என்பார். எனக்குத் தாகமாக இருக்கிறதா என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

என் அம்மாவுக்கும் அவருக்கும் உலகத்தில் எந்த விஷயத்திலும் ஒத்துவராது. இந்த ஒன்றில் மட்டும் இருவரும் ஒரே மாதிரி. அம்மாவும் காலையில் என்னை எழுப்பிய கையோடு தண்ணீரைத்தான் நீட்டுவாள், அதே பார்வையோடு. அந்த ஒரு வருஷம் முழுக்க நான் பசியை அறியாமல் வயிறு முட்டத் தண்ணீரோடு திரிந்தேன். இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வந்ததில்லை. ஒவ்வொரு கோப்பையையும் வாய்க்குக் கொண்டுபோகும்போது, இந்தமுறை இறங்காதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மன்னார்த் தீவில், பட்டினத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடலோரமாக எங்கள் ஊர். எல்லோரும் கத்தோலிக்கர், எல்லோரும் கடலை நம்பியவர்கள். அப்பா கரைவலை இழுக்கப் போவார். மீன் காயப்போடும் வாடிகளைச் சுற்றி எப்போதும் நாய்கள் கிடக்கும். அவற்றோடு நாங்கள் வளர்ந்தோம் என்றே சொல்லலாம். அதனால்தான், ஒருநாள் பின்னேரம் வாயோரம் நுரையோடு தள்ளாடித் தள்ளாடி வந்த நாய்க்கும் என் தம்பி வழக்கம்போல மீன் தலையை நீட்டினான். குனிந்துதான் நீட்டினான். அது மீனை விட்டுவிட்டு அவன் கன்னத்தைக் கவ்வியது. நான் அவனைப் பிடித்து இழுத்தேன். என் கெண்டைக்காலிலும் ஒரு கடி. ஆட்கள் ஓடிவந்து துடுப்புத் தண்டால் அடித்து நாயைக் கொன்றார்கள். அதற்கு முன் அது ஒரு பசுக்கன்றையும் கடித்திருந்தது. சில வாரத்தில் அந்தக் கன்று கயிற்றைக் கடித்து, தலையை மரத்தில் மோதி, தண்ணீர்த் தொட்டியைக் கண்டு மிரண்டு செத்தது. ஆகவே அது விசர்நாய்தான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

தம்பி என்னைவிட நாலைந்து வயது இளையவன். எனக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போய், அதற்குப் பிறகு நேர்ந்து பெற்ற பிள்ளை. அவன் பெயரே அந்தோனிதான். அவனைக் கூப்பிடும்போது அம்மாவின் குரல் வேறு குரலாகிவிடும். என்னைக் கூப்பிடுவது பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம்போல இருக்கும். அதற்காக நான் ஏங்கினேன் என்று சொல்லமுடியாது. எனக்கும் அவன் என்றால் உயிர்தான்.

கடி விழுந்த அந்த நேரமே அம்மா அவனைத் தோளிலும் என்னைக் கையிலும் பிடித்துக்கொண்டு அந்தோனியார் கோயிலுக்கு ஓடினாள். கோயில் முற்றத்து மண்ணைக் கிள்ளி எங்கள் வாயில் போட்டாள், காயத்தில் அப்பினாள். பிறகு முழந்தாளில் நின்று எல்லோரும் கேட்கச் சத்தமாக நேர்ந்தாள். விஷக்கடிக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் நேர்வது. திருநாள் வரும்வரை பிள்ளைகள் கோயில் வளவை விட்டுப் போவதில்லை. மண்ணைத் தவிர வேறு மருந்து படுவதில்லை. கடல் கடப்பதில்லை, கடந்தால் அந்தோனியாரின் காவல் அறுந்துவிடும். இந்த மூன்றும்தான் நேர்த்தி. இப்படி நேர்ந்து பிழைத்த கிழவர்கள் ஊரில் இருந்தார்கள். அம்மாவின் சொந்தச் சிற்றப்பா ஒருவர் கையில் பல் அடையாளத்தோடு நடமாடிக்கொண்டிருந்தார்.

கடல் கடக்காமல் மன்னாரிலிருந்து எங்கே போவது? நாங்கள் இருந்தது தீவு. விசர்நாய்க் கடிக்கு ஊசி போடுகிற இடமோ கொழும்பு. ரயில் ஏறினால் முதல் வேலையாகக் கடல் பாலத்தைத்தான் தாண்டவேண்டும்.

அடுத்த நாள் காலையிலேயே அப்போதிக்கரி ஐயா கோயிலுக்கு வந்துவிட்டார். யாழ்ப்பாணத்து ஆள், சைவக்காரர். நெற்றியில் மூன்று குறி இல்லாமல் அவரை நாங்கள் கண்டதில்லை. அன்றைக்கு மட்டும் நெற்றி வெறுமையாக இருந்தது. வாசலுக்கு வெளியே நின்று துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார். சப்பாத்தையும் கழற்றிவிட்டார். அம்மா அதைக் கவனித்தாள். அது அவளை இளக்கவில்லை, இன்னும் பயப்படுத்தியது. எதையோ பறிக்க வருகிறவர்தான் இவ்வளவு பணிந்து வருவார் என்று அவள் நினைத்தாள்.

"பிள்ளை, காயத்தையாவது சவுக்காரம் போட்டுக் கழுவ விடு" என்று அம்மாவிடம் சொன்னார்.

"மண் பட்ட இடம் ஐயா. கழுவக்கூடாது."

"நானும் கோயிலுக்கு நேருற ஆள்தான். உன்ர நேர்த்தியைப் பழிக்க வரேல்லை. என்ர கடவுளைப் பற்றியும் உன்ர கடவுளைப் பற்றியும் பிறகு கதைப்பம். கடிச்ச நாய்க்கு ரண்டு பேரையும் தெரியாது."

அம்மா தன் சிற்றப்பாவின் கதையைச் சொன்னாள். ஐயா பொறுமையாகக் கேட்டார். "விசர்நாய் கடிச்ச எல்லாருக்கும் வருத்தம் வாறதில்லை. ஆருக்கு வரும், ஆருக்கு வராது எண்டு எனக்குத் தெரியாது. வந்திட்டால் மட்டும், இந்த உலகத்தில ஒரு டொக்டராலும் ஒண்டும் செய்யேலாது. வரமுதல் ஊசி போடவேணும்" என்றார். கடைசி வசனத்தைச் சொல்லும்போது அவருடைய குரல் நடுங்கியது. பெரிய மனிதர்களின் குரல் நடுங்கும் என்று நான் அன்றுதான் அறிந்தேன். அதிலிருந்துதான் எனக்குப் பயம் பிடித்தது. கடித்தபோதுகூட அவ்வளவு பயம் இல்லை.

வீட்டை மூடி, ஆளைப் பிரித்து, பொலிசை நிறுத்துகிற அதிகாரமெல்லாம் அவருக்கு இருந்தது; அம்மை கண்ட வீடுகளில் அதைச் செய்தும் இருக்கிறார். யாரோ அதைச் சொன்னார்கள். "அது தொத்து வருத்தம். அதுக்குச் சட்டம் இருக்கு. நாய் கடிச்ச பிள்ளையைத் தாயிட்டையிருந்து பறிக்க ஒரு சட்டமும் இல்லை" என்றார் ஐயா. பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "இருந்தாலும் பறிப்பனோ தெரியாது" என்றார்.

அவர் செய்தது வேறு. பட்டினத்துக்குச் சைக்கிளில் போய்ப் பங்குச் சுவாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். எதிர்க்காற்றில் இருவரும் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்கள். சுவாமி அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் உயிருக்காக இந்த நேர்த்தியைத் தான் மாற்றித் தருவதாகச் சொன்னார். கடல் கடப்பதற்குப் பதிலாக வேறொரு பக்தி முயற்சி செய்யலாம், திருச்சபையில் அதற்கு இடம் உண்டு என்றார். அம்மா அவர் கையை முத்தமிட்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே, "சுவாமி, நான் வாக்குக் குடுத்தது உங்களுக்கில்லை. அந்தோனியாருக்கு. அவர் விடச் சொன்னால் விடுறன்" என்றாள். எனக்கு இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் ஒரு பக்கம் கோபம் வரும், ஒரு பக்கம் பெருமையாக இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத ஒரு பெண் சுவாமியையும் அரசாங்கத்தையும் ஒன்றாக நிறுத்தி வைத்தாளே.

அப்பா இதெல்லாம் நடக்கும்போது கோயில் சுவரில் சாய்ந்து பேசாமல் குந்தியிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். கரைவலை கரைக்கு வந்ததும் எங்கள் ஊரில் முதலில் மீனைக் குவித்து, அதில் அந்தோனியார் பங்கென்று ஒரு பகுதியை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அந்தோனியார் பங்குக்கு நல்ல மீனைத்தான் எடுக்கவேண்டும், சின்னச் சூடை மீனைப் பொறுக்கிப் போடக்கூடாது. இரண்டு பேர் ஒரு பாட்டுக்கு, அதாவது வலை இழுக்கிற இடத்துக்கு, அடிபட்டாலும் பங்கு வைத்தால் சண்டை முடிந்துவிடும். அப்பாவுக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான். இரண்டு நாளாக இரண்டு பக்கமும் கேட்டுக் களைத்துப்போன மனிதர், எழும்பி வந்து அப்போதிக்கரி ஐயாவின் முன்னால் நின்று அதையே சொன்னார்.

"ஐயா, சண்டை வேண்டாம். ஒண்டு உங்களுக்கு, ஒண்டு அந்தோனியாருக்கு."

ஐயா முதலில் விளங்காமல் பார்த்தார். விளங்கியதும் அவர் முகம் வெளுத்தது. "இது மீனில்லையடா" என்று கத்தினார். அவர் யாரையும் 'அடா' போட்டுப் பேசி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. அம்மா ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததே சம்மதம் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அப்போது ஐயா அம்மாவின் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "அப்ப ஒண்டுதான் எண்டால் பெடியனைத் தாங்கோ. அவனுக்கு முகத்தில கடி. முகத்தில பட்டால் விஷம் கெதியா மூளைக்கு ஏறும். இந்தப் பிள்ளைக்குக் காலில. அவளுக்குக் கொஞ்சம் நாள் இருக்கு. அவனுக்கு இல்லை. பெடியனைத் தாங்கோ, பிள்ளை."

அம்மா தம்பியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அவன் சின்னன். ஊசி தாங்கமாட்டான். இவளைக் கொண்டுபோங்கோ" என்றாள்.

ஐயா எவ்வளவோ கெஞ்சினார். கடைசியில், இதற்குமேல் பேசினால் கிடைத்த ஒன்றையும் கோயிலுக்குள் இழுத்து வைத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கவேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டார். இறுக்கிப் பிடித்திருந்ததில் நோவெடுத்தது.

அப்பாவும் நானும் ரயிலேறினோம். பாலத்தில் ரயில் மெதுவாக ஊர்ந்தது. யன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் கடல். நான் கடல் பார்த்துப் பிறந்தவள். அன்றைக்கு அந்தத் தண்ணீரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நேர்த்தி முறிகிறதே என்ற பயமா? அல்லது விசர்நாய் கடித்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் வருகிற பயம் என்று ஊரில் சொல்வார்களே, அது வந்துவிட்டதா? இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லவும் பயம். சொன்னால் என்னைக் கட்டிவைப்பார்களோ என்று பயம். கண்ணை இறுக மூடிக்கொண்டு எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்த்தேன். இறங்கியது. கொழும்பு போய்ச் சேரும்வரை அதுதான் என் வேலை.

கொழும்பில் நாளுக்கு ஒரு ஊசி, வயிற்றில். வயிறு கட்டிகட்டியாக வீங்கிக் கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பெண்பிள்ளை இருந்தாள். பாஷை தெரியாமலே இருவரும் வயிற்றைத் திறந்து காட்டிக்கொள்வோம். தம்பி இங்கே இல்லாதது நல்லதுதான், இதை அவன் தாங்கமாட்டான் என்று அப்போது மனதார நினைத்தேன்.

நாங்கள் திரும்பி வந்தபோது தம்பி கோயில் வளவில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தான். கன்னத்துக் காயம் ஆறி, ரோசா நிறத்தில் ஒரு பிறை மட்டும் இருந்தது. அம்மாவின் முகத்தில் அப்படியொரு ஒளி. நான் ஊரில் இல்லாத நாளெல்லாம் அப்போதிக்கரி ஐயா காலையும் மாலையும் வந்து கேட்டுப் பார்த்தாராம், "இப்பவும் பிந்தேல்லை" என்று. பிறகு அவன் துள்ளித் திரிவதைக் கண்டு, வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போகத் தொடங்கினாராம். அம்மா இதை எனக்குச் சொல்லிச் சிரித்தாள். அவள் கையால் எனக்குச் சோறு தீத்தினாள். அந்தச் சில நாட்கள் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிறகு ஒரு காலை, தம்பி கன்னத்தைச் சொறிந்துகொண்டே எழும்பினான். ஆறின காயம் கடிக்கிறதென்றான். மத்தியானம் கஞ்சியை வாயில் வைத்தவன் துப்பினான். அம்மா தண்ணீரைக் கொடுத்தாள். அதை வாங்க ஆசையோடுதான் கை நீட்டினான்; தண்ணீர் உதட்டுக்குக் கிட்ட வந்ததும் அவன் தொண்டை வெட்டி இழுத்தது. கோப்பை தட்டுப்பட்டு விழுந்தது. அவன் எங்களைப் பார்த்த பார்வையில் கேள்விதான் இருந்தது. தனக்கு என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். இந்தமுறை அந்தோனியாரிடம் இல்லை, மருந்துச்சாலைக்கு. நான் பின்னால் ஓடினேன். ஐயா வாசலுக்கு வந்து பார்த்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, இப்ப கொண்டுபோங்கோ. எந்தக் கடலையும் தாண்டுங்கோ. நான் ஒண்டும் சொல்லன். இந்தாங்கோ பிள்ளை" என்று அம்மா தம்பியை அவர் மடியில் வைத்தாள். அவர் முன்பு சொன்னதை அவருடைய வாயால் இன்னொருமுறை சொல்லவைக்கிறாள் என்று அம்மாவுக்கு விளங்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவர், "பிந்திப்போச்சு, பிள்ளை" என்றார். ஒரு மனிதர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மருந்துச்சாலையின் பின்னறையில்தான் வைத்திருந்தார்கள். தம்பிக்குக் காற்றுப் பட்டாலே உடம்பு வெட்டியது. மன்னாரில் காற்றை எங்கே ஒளிப்பது? சோளகம் வீசுகிற காலம். கதவிடுக்கு, ஓலைக் கூரை, யன்னல், எல்லா வழியாலும் வந்தது. அப்பா வள்ளத்துப் பாயைக் கொண்டுவந்து கட்டினார். அது பிய்ந்து பிய்ந்து அடித்தது. அப்போது அப்போதிக்கரி ஐயா அந்தப் பாயின் இரண்டு முனையையும் கையால் பிடித்துக்கொண்டு கதவு வாசலில் நின்றார். காற்று முதுகில் அடிக்க, முகம் எங்கள் பக்கம். நோவுக்கு ஊசி போட மட்டும் விட்டு வருவார், போட்டுவிட்டுத் திரும்பப் போய்ப் பிடிப்பார். பெண்கள் செபமாலை சொன்னார்கள். 'அருள் நிறைந்த மரியாயே' என்ற செபம் அவருக்குப் பாதி தெரிந்திருந்தது; தெரிந்த இடத்தில் உதடு அசைந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்கு முன் எல்லாம் முடிந்தது. பாயை விட்டபோது அவரால் விரல்களை விரிக்கமுடியவில்லை.

ஊர் ஒரே முடிவுக்கு வந்தது. நேர்ந்தது இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஒன்று கடல் கடந்து நேர்த்தியை முறித்தது. அந்தோனியார் மற்றதை எடுத்துக்கொண்டார். என் காது கேட்கவே சொன்னார்கள். சில வீடுகளில் தங்கள் பிள்ளைகளை என்னோடு விளையாட விடவில்லை. எனக்கும் விசர் ஏறலாம் என்பது ஒரு காரணம், நான் தம்பியைத் தின்று பிழைத்தவள் என்பது மற்றது. அப்போதிக்கரி ஐயாவுக்கும் ஊரில் முகம் கொடுப்பவர் குறைந்தார்கள். அந்த வருஷந்தான் அவர் கண்ட இடமெல்லாம் என்னைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க வைத்தார். ஊசியில் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவுதானா என்று பிற்காலத்தில் யோசித்திருக்கிறேன். இல்லை, நம்பிக்கை இருந்தது. நம்பிக்கை இருக்கிறவர்களும் பயப்படத்தான் செய்கிறார்கள். அடுத்த வருஷம் அவருக்கு மாற்றம் வந்து போய்விட்டார். பிறகு நான் அவரைக் காணவில்லை.

நான் கலியாணம் முடித்து முருங்கனுக்கு வந்தேன். அப்பா போன பிறகு அம்மாவும் என்னோடு வந்துவிட்டாள். கடல் பாலத்தைத் தாண்டித்தான் வந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. என் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் கோயிலுக்கு முதல் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வது அவள்தான். செபமாலையைக் கையிலிருந்து இறக்கியதும் இல்லை. அவளுடைய விசுவாசம் ஒரு நூல்கூட அறவில்லை. ஊர் சொன்னதை அவளும் நம்புகிறாள், என்னை அதற்காக உள்ளுக்குள் வெறுக்கிறாள் என்றுதான் நான் வருஷக்கணக்காக எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பின்னேரம் இருவரும் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தோம். எப்படியோ வாய்க்கு வந்துவிட்டது. "அம்மா, ஐயா தம்பியைத்தானே கேட்டவர். ஏன் என்னைக் குடுத்தனீங்கள்?" என்றேன். அவள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே போனாள். கேட்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். மறுகரைக்குப் போய்த் திரும்பி வந்து நின்றாள்.

"கொழும்புக்குப் போற பிள்ளை திரும்பி வராது எண்டுதான் நான் நினைச்சனான். உன்னைக் குடுக்க எனக்கு மனம் வந்தது. அவனைக் குடுக்க வரேல்லை" என்றாள். பிறகு, "சனம் சொல்லுற மாதிரி நீ கடல் தாண்டினதுக்கு இல்லை, மகள். உன்னைக் குடுக்க எனக்கு மனம் வந்ததே, அந்தோனியார் அவனை எடுத்தது அதுக்குத்தான்" என்றாள்.

அம்மா வெயிலில் அப்படியே நின்றாள். நான் எழுந்து அவள் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டி வந்தேன்.